பூட்டா, கூரையா?

நீலகிரியில் எங்கள் ஊர்க் கடைவீதிக்குப் பின்புறம் ஒரு பூங்கா இருக்கிறது. உண்ணிச்செடி வேலியைத் தாண்டிவிட்டது. ஊஞ்சலில் சங்கிலி மட்டும் தொங்குகிறது, பலகையைக் காணோம். அதைச் சீர்படுத்த இரண்டு யோசனைகள் ஊரில் அடிபடுகின்றன.

ஒன்று, மலர்த் தோட்டமாக்கி டிக்கெட் வைப்பது. 1848இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவும், 1874இல் உருவான குன்னூர் சிம்ஸ் பூங்காவும் அப்படித்தான் நடக்கின்றன. வருமானம் வரும், காவலாளி இருப்பார். ஆனால் மே மாத சீசனுக்கு மாதக்கணக்கில் முன்பே நாற்று நட வேண்டும். உறைபனிக் காலத்தில் ஊட்டியில் செய்வதுபோல் மிலார் என்ற புதர்ச்செடியால் நாற்றுகளை மூடிக் காக்க வேண்டும். அங்கே அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே இரண்டு பேர் கிடைத்தாலே அதிசயம். ஜூன் மழையில் டேலியா சாய்ந்த பிறகு டிக்கெட் வாங்குபவர் யார்?

மற்றது, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடுவது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் "நாலு பெஞ்சு போட்டால் போதும்" என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு மாலை, தேயிலை பறித்துத் திரும்பிய பெண்கள் மினி பஸ்ஸுக்காக மளிகைக் கடைத் தாழ்வாரத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். பத்தடி தள்ளிப் பூங்காவில் சிமெண்டு பெஞ்சுகள் பாசி பிடித்து, தண்ணீர் தேங்கிக் காலியாகக் கிடந்தன. முதலில் வேண்டியது கூரை. அடுத்தது, தண்ணீர் வரும் கழிப்பறை. காட்டெருமை ஊருக்குள் உலாவும் இடத்தில் விளக்கும் வேண்டும். ஓரங்களில் காட்டுப் பூவரசு வைக்கலாம். உறைபனியைத் தாங்கும், சிவப்பாகப் பூக்கும், மூடிக் காக்க ஆள் கேட்காது.

திறந்துவிட்டால் குடிகாரர்கள் வருவார்கள் என்கிறார்கள். முன்பு ஒருமுறை பூட்டியும் பார்த்தாயிற்று. சுவரேறத் தெரிந்தவர்கள் பாட்டிலோடு உள்ளே போனார்கள், தெரியாதவர்கள் வெளியே நின்றார்கள். வாசலருகே ஒரு டீக்கடைக்கு இடம் கொடுத்தால் இருட்டும்வரை ஆள் நடமாட்டம் இருக்கும். அந்த வாடகையைக் கழிப்பறை சுத்தம் செய்பவரின் சம்பளத்துக்கு ஒதுக்கலாம். முழுச் சம்பளத்துக்கும் வாடகை போதாது, மீதியை ஊராட்சியோ நகராட்சியோ போட்டே ஆக வேண்டும்.

ஊஞ்சல் பலகைக்கு யாரையும் கேட்க வேண்டாம். ஆசாரியிடம் அளவு கொடுத்துவிட்டேன்.