15 விழுக்காடு சிறிய புல்லி: மினி கூப்பர் எஸ் காரோடு ஆறு ஆண்டுகள்

2005இல் தயாரான என் மினி கூப்பர் எஸ், என் கைக்கு வந்தபோது 74,000 மைல் ஓடியிருந்தது. 'ஆர்53' என்று குறிக்கப்படும் தலைமுறை அது: 1.6 லிட்டர் இன்ஜின், அதற்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், 170 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜரை இன்ஜினே பெல்ட் வழியாகச் சுழற்றுகிறது. அடுத்த தலைமுறைக்கு, புகைக்காற்றால் சுழலும் டர்போ வந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணமே எழுகிற அந்த ஊளைச் சத்தமும், காத்திருக்க வைக்காத இழுவையும் பிடித்துப்போய்த்தான் இதைத் தேடி வாங்கினேன். திறனைக் கூட்டும் ஆசையும் அன்றே வந்துவிட்டது.

இந்த காரில் எல்லோரும் முதலில் செய்வது சூப்பர்சார்ஜரின் புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தை, சிறியதாக மாற்றுவதுதான். விட்டம் 15 விழுக்காடு குறைந்தால் சுழலும் வேகம் ஏறத்தாழ 17.6 விழுக்காடு கூடும். இன்ஜின் நிமிடத்துக்கு 6,500 முறை சுழலும்போது சூப்பர்சார்ஜர் ஏற்கெனவே 13,000ஐத் தாண்டியிருக்கும். சிறிய புல்லியில் அது 15,000க்கும் மேலே போகிறது. எம்45 'ரூட்ஸ்' வகையைச் சேர்ந்தது. தனக்குள் காற்றை அழுத்தாமல் அள்ளி அள்ளி முன்னே தள்ளும். வெளியே போகும் வழியில்தான் அழுத்தம் உருவாகும். வேகம் எல்லை மீறும்போது கூடுதல் காற்றோடு கூடுதல் சூடும் வந்து சேருகிறது. சூடான காற்று சிலிண்டருக்குள் போனால், தீப்பொறியால் பரவ வேண்டிய எரிதலுக்கு முன்பே மீதிக் கலவை தானாக வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். பிஸ்டனை உடைப்பது புல்லி அல்ல, இந்தச் சூடு.

புல்லியை வாங்குவதற்கு முன் சூப்பர்சார்ஜரின் எண்ணெயைப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். இன்ஜின் எண்ணெயோடு தொடர்பில்லாமல் அதன் இரு முனைகளிலும் தனித்தனியாகச் சிறிதளவு எண்ணெய் இருக்கிறது. வழக்கமான சர்வீஸில் அதை யாரும் தொடுவதில்லை. முன்பக்க பம்பரைக் கழற்றி, ரேடியேட்டரை முன்னே நகர்த்தி, சூப்பர்சார்ஜரை வெளியே எடுக்க ஒரு முழு நாள் பிடித்தது. பின்முனையின் திருகாணியைத் திறந்து சாய்த்தபோது கரிய குழம்பு போல ஒரு தேக்கரண்டி அளவுதான் சொட்டியது. அழுகிய முட்டையும் கருகிய ரப்பரும் கலந்தது போன்ற நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. அந்த முனையிலுள்ள பற்சக்கரம்தான் தண்ணீர் பம்ப்பைச் சுழற்றுகிறது. பற்கள் தேய்ந்து பம்ப் நின்றுவிட்டால் இன்ஜின் கொதித்துவிடும். விரல் நுனியால் ஒவ்வொரு பல்லையும் தடவிப் பார்த்தேன். நல்லவேளை, கூர் மழுங்கியிருந்தாலும் அளவுக்குள் இருந்தது. இதைப் பார்க்காமல் சிறிய புல்லியை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் வயிறு கலங்குகிறது.

புல்லியையும் அதற்கேற்ற சற்றே நீளம் குறைந்த பெல்ட்டையும் ஒரு பட்டறையில் மாட்டிக்கொண்டேன். பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் தீர்மானிக்கும் இன்ஜின் கணினிக்கு ஒரு தயார்நிலைக் கோப்பையும் அங்கேயே ஏற்றிவிட்டார்கள். கார் பறந்தது, எனக்கும் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் கழித்து ஆகஸ்ட் மாத வெயிலில், இங்கிலாந்தின் எம்6 நெடுஞ்சாலையின் ஷாப் மேட்டில் ஏறும்போது திடீரென்று இழுவை தளர்ந்தது. காதுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மறுநாள் மடிக்கணினியை இணைத்துப் பதிவெடுத்தேன். சூப்பர்சார்ஜரிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்றே 70 டிகிரி செல்சியஸ் இருந்தது. நாக் சென்சார் எச்சரித்து எச்சரித்து, கணினி தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளிக்கொண்டே இருந்தது. அந்தக் கோப்பு என் காரைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. அன்றே பழைய கோப்புக்குத் திரும்பி, முழு ஆக்ஸிலரேட்டர் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. இந்த காரில் இன்டர்கூலர் இன்ஜினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. சிக்னலில் நின்றாலே கீழிருந்து சூடேறும். பெரிய இன்டர்கூலர் ஒன்றைப் பொருத்தி, பானெட்டின் காற்றுவாயோடு இடைவெளியின்றிச் சேரும்படி ரப்பர் விளிம்பையும் மாற்றினேன். இந்த விளிம்புக்குச் செலவு மிகக் குறைவு, பலன் பெரிது. ஸ்பார்க் பிளக்குகள் ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாறின. பெட்ரோல் 99 ஆக்டேன் மட்டுமே. அதன் பிறகுதான் காரை, திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி, அதற்கென்றே டியூன் செய்யச் சொன்னேன்.

டியூன் செய்தவர் முதலில் கேட்டது எரிபொருள் கலவையைத்தான். சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, முழுச் சுமையில் அவர் 11.8 அளவில் வைத்தார், கூடுதல் பெட்ரோல் சிலிண்டரைக் குளிர்விக்கும் என்பதால். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றன என்பதையும் காட்டினார். எல்லையை நெருங்கியிருந்ததால் பெரியவற்றை மாட்டிக்கொண்டோம். தீப்பொறி நேரத்தை நாக்கிங் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு டிகிரி பின்வாங்கி நிறுத்தினார். இன்னும் ஐந்து குதிரைத்திறன் எடுக்கலாம், ஆனால் வெயில் நாளில் இன்ஜின் கெட்டால் அது உங்கள் பணம் என்றார். வேண்டாம் என்றேன். கிடைத்தது ஏறத்தாழ 205. தொழிற்சாலையே தந்த ஜான் கூப்பர் வொர்க்ஸ் வடிவத்தின் 210க்கு அருகில். எனக்கு அது தாராளம். 19 விழுக்காடு புல்லியை இன்றும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அந்த வேகத்தில் எம்45 பெரும்பாலும் அடுப்பாகத்தான் வேலை செய்கிறது.

காப்பீட்டு நிறுவனத்திடம் எல்லா மாற்றங்களையும் எழுத்தில் தெரிவித்தேன். தவணை கூடியது; ஆனால் மறைத்துவிட்டு விபத்தில் சிக்கினால் பணம் கிடைக்காமல் போகலாம்.

அதன்பிறகு 58,000 மைல் ஓட்டியிருக்கிறேன். பெல்ட்டை 20,000 மைலுக்கு ஒருமுறை மாற்றுகிறேன், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை ஒருமுறை மாற்றினேன். பெல்ட்டை ஓட்டும் இன்ஜின் பக்கத்துக் கிராங்க் புல்லியின் நடுவிலுள்ள ரப்பர் விரிசல் விட்டு, பெல்ட் தள்ளாடுவது கண்ணுக்கே தெரிந்ததும் அதையும் மாற்றிவிட்டேன். பெட்ரோல் செலவு கேலனுக்கு இரண்டு மைல் அளவு மோசமாகியிருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அதே ஷாப் மேட்டில் பதிவெடுக்கிறேன்; காற்றின் சூடு 50 டிகிரியைத் தாண்டுவதில்லை, தீப்பொறி நேரமும் அசையவில்லை.

சென்ற ஏப்ரலில் சூப்பர்சார்ஜரை மறுபடி கழற்றி எண்ணெயை வடித்தேன். ஊற்றிய அளவு முழுவதும் தேன் நிறத்தில் திரும்பி வந்தது.