கழலாமலே தளர்ந்த நட்டு: மர எஞ்சின் ஸ்டாண்டுடன் மூன்று ஆண்டுகள்

வண்டியிலிருந்து இறக்கிய எஞ்சினை ஓர் ஆண்டுக்காவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும், மரத்தில் ஸ்டாண்ட் செய்துகொள்ளலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். என்னிடம் மூன்று ஆண்டுகளாக ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலை ஸ்டாண்டை ஓரமாகத் தள்ளியபோது எஞ்சின் முன்னும் பின்னுமாக ஆடிவிட்டு நின்றது. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானரோடு நான் மறுபடியும் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டாண்டின் அளவு அவரவர் எஞ்சினைப் பொறுத்தது, அதை விட்டுவிடுகிறேன். என்னுடையது நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். பிளைவீல் (எஞ்சினின் பின்புறம் சுழலும் கனமான பல்சக்கரம்), கிளட்சோடு சேர்த்தால் 150 கிலோவுக்குக் குறையாது. அடியில் சக்கரம் வைத்த சட்டகம், அதன்மேல் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு கால்கள், இணைப்புகளில் 12 மில்லிமீட்டர் போல்ட். முன்கால்கள் எஞ்சின் மவுண்டிங்குகளைத் தாங்குகின்றன. பின்கால்கள் கியர்பாக்ஸ் பொருந்தும் விளிம்பை ஓர் இரும்புக் கோணத்தின் வழியாகப் பிடித்திருக்கின்றன.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சின்ன நன்மை இல்லை. எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தகட்டுத் தொட்டியான சம்ப் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிற்கிறது. பழைய டயர்மேல் எஞ்சினை உட்கார வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். சம்ப் எடை தாங்கச் செய்யப்பட்ட பாகமே அல்ல. தகடு உள்வாங்கினால், உள்ளே ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் போய் முட்டும். வெளியே பார்க்க ஒரு சிறு பள்ளம்தான் தெரியும். எஞ்சினை ஓட்டும்போது ஆயில் போதாமல் பேரிங் போய்விடும்.

கடையில் கிடைக்கும் சுழலும் இரும்பு ஸ்டாண்ட் பிளாக்கின் பின்முகத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிளைவீலைக் கழற்ற வேண்டும். மொத்த எடையும் ஒரு பக்கமாகத் தொங்கும். பிரித்து வேலை செய்ய அதைப்போல வசதி வேறில்லை. சும்மா வைத்திருக்க அது ஏற்றதல்ல என்பது என் கருத்து. என் ஸ்டாண்டில் பிளைவீல் அதன் இடத்திலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, முன்புறக் கப்பியின் போல்டைப் பிடித்து எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்புகிறேன். பிளைவீலின் பற்கள் ஒவ்வொன்றாகக் கண்முன்னே நகர்கின்றன. ஒன்றேகால் சுற்றில் நிறுத்துவேன்; அப்போதுதான் பிஸ்டன் வளையங்களும் வால்வு ஸ்பிரிங்குகளும் பழைய இடத்திலேயே நின்றுவிடாது. மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட இறுக்கமோ உரசலோ கைக்குத் தட்டுப்படவில்லை. அந்த நிம்மதிக்கு விலை சொல்ல முடியாது.

இனி அந்த நட்டுகள்.

காய்ந்த மரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மேலே காய்ந்திருந்தது உண்மை. ஆனால் துளை போட்டபோது தூள் பறக்கவில்லை. துளைப்பானின் நெளிவுகளில் வெளிர்நிறச் சுருளாக, தொட்டால் குளிர்ச்சியாக ஒட்டிக்கொண்டு வந்தது. நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எஞ்சின் சங்கிலிக் கப்பியில் தொங்கிக்கொண்டிருந்ததால் அவசரப்பட்டேன்.

இரண்டு மாதத்தில் வாஷர்கள் விரலால் சுற்றினால் சுற்றின. ஸ்பிரிங் வாஷர் போட்டேன், பூட்டு நட்டு போட்டேன், பயனில்லை. பிறகுதான் புரிந்தது: நட்டு கழலவே இல்லை, மரம்தான் அதைவிட்டு விலகிப் போயிருக்கிறது. மரம் காயும்போது நீளத்தில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்கேதான் சுருங்குகிறது. போல்ட் போவதும் குறுக்கே. ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் எவ்வளவு திருப்பினேன் என்று பக்கத்திலேயே பென்சிலால் கோடு போட்டு வந்தேன். முதல் ஆண்டு முடிவில் ஒரு காலில் கூட்டிப் பார்த்தால் இரண்டேகால் சுற்று. ஒரு சுற்றுக்கு நட்டு 1.75 மில்லிமீட்டர் நகரும் என்றால் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர். காலிப்பரை வைத்தேன்: நூறாக இருந்த கால் 96 ஆகியிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை வாங்கி ஊதுகிறது. வாஷர் விட்டுக்கொடுக்காது, அதனடியில் நார்கள் நசுங்குகின்றன. வெயில் வந்ததும் மரம் சுருங்கிவிடும், நசுங்கிய நார் திரும்ப எழாது. மறுபடியும் தளர்வு. மழையில் பலமாக முடுக்கி வைத்த ஆண்டில்தான் இது மிக மோசமாக இருந்தது. வாஷருக்குப் பதில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு வைத்து, வறண்ட மாதங்களில் மட்டும் முடுக்க ஆரம்பித்த பிறகு பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் விழும் நிலை ஒருநாளும் வரவில்லை. எடையைப் போல்ட்டுகளிடம் கொடுக்காமல் கால்களை நேராகச் சட்டகத்தின்மேல் நிறுத்தியிருந்தேன். கால்கள் நீளவாக்கில் சுருங்காததால் உயரமும் மாறவில்லை. தளர்வதெல்லாம் ஆட்டமாகத்தான் தெரிகிறது. ஆனால் 150 கிலோ இரும்பு கண்ணெதிரே ஆடும்போது இந்த விளக்கம் மனதுக்கு எட்டுவதில்லை.

நண்பரிடம் சொன்னேன்: மரத்தில் வேண்டாம், யாரிடமாவது கொடுத்து இரும்புக் குழாயில் இதே வடிவில் வெல்டிங் செய்துகொள்ளுங்கள். அவர் கேட்பார் என்று நினைக்கிறேன்.

என் பட்டறையின் பின்சுவரில் எட்டுப் பலகைகள் இரண்டு ஆண்டுகளாக இடைவெளி விட்டு அடுக்கியிருக்கின்றன. இம்முறை 50 மில்லிமீட்டர் கனம்தான். நூறு மில்லிமீட்டர் கட்டை உள்வரை காய ஆண்டுக்கணக்கில் ஆகும். இரண்டிரண்டாக ஒட்டினால் நான்கு கால்கள் கிடைத்துவிடும். மாதாமாதம் தொங்கு தராசில் நிறுத்துச் சுவரில் எழுதி வைக்கிறேன். முதல் பலகை அறுத்து வந்த நாளில் 2.6 கிலோ. கடந்த நான்கு மாதமாக 1.9 கிலோவில் நிற்கிறது. மழை தொடங்குவதற்குள் ஒட்டிவிட வேண்டும்.