கை சுற்றிக் கரண்ட் எடுத்தால் எவ்வளவு தேறும்?

90களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இது புதினமில்லை. யுத்தக் காலம், கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்போம். சுற்றுகிற பொடியன் களைத்தால் செய்தியும் தேயும். 2022இல் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனபோது அந்த டைனமோவை மறுபடி எடுத்தேன். கூடவே கை சுற்றும் ரோச் லைற் ஒன்றும் வாங்கினேன்.

ரோச்சைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவுமில்லை. வெளிச்சத்துக்குச் சரி. ஃபோன் சார்ஜ் செய்யலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. 4000 மில்லி அம்பியர் மணி பற்றரி நிரம்ப ஏறக்குறைய 15 வாட் மணி வேண்டும். 3 வாட் கிடைத்தாலும் ஐந்து மணி நேரம் விடாமல் சுற்ற வேண்டும். யாருக்கு முடியும்? இப்போது உள்ளேயுள்ள பற்றரி செத்துவிட்டது, பிளாஸ்டிக் பற்சில்லும் தேய்ந்து கறகறக்கிறது. சுற்றும்வரைதான் எரியும்.

சைக்கிள் டைனமோ அப்படியில்லை. 6 வோல்ட், 3 வாட். காந்தம் சுழல, சுருள் அசையாமல் நிற்கும். தேய்வதற்கு பிரஷ் இல்லை. வருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம் (ஏசி) என்பதால், ஒரு பக்கம் மட்டும் ஓடவிடும் டயோட் நாலு போட்டு நேரோட்டமாக்கித்தான் (டிசி) பற்றரிக்குக் கொடுக்க வேண்டும். சாதாரண டயோட் வழியில் 1.4 வோல்ட் போய்விடும். 6 வோல்ட் ஈய அமிலப் பற்றரி ஏறுவதற்கு 7 வோல்ட் அளவு வேண்டும். மெல்லச் சுற்றினால் ஒன்றும் போய்ச் சேராது. வோல்ட்டைக் குறைவாக விழுங்கும் ஷொட்கி டயோட் மாற்றிய பிறகு நிலைமை பரவாயில்லை. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சுருளின் தூண்டல் (ஓட்டம் மாறுவதைத் தடுக்கும் குணம்) காரணமாக ஓட்டம் அரை அம்பியரைப் பெரிதாகத் தாண்டாது, 4.5 அம்பியர் மணி பற்றரிக்கு அது அளவான தீனி. ஆனால் பற்றரியைக் கழற்றிவிட்டு வேகமாகச் சுற்றினால் வோல்ட் எகிறும். அந்த நேரம் றேடியோவை நேரே கொழுவினால் அதோடு சரி.

கையால் சுற்றுவதை நான் விட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் தோள் கெஞ்சும். காலுக்கு அந்த வேலை பெரிதில்லை. பின்சில்லு நிலத்தில் படாமல் ஸ்டாண்டில் ஏற்றி ஒரு மணி நேரம் மிதித்தால், ஒரு வாட் எல்ஈடி விளக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிகிறது. சந்தைக்குப் போய்வரும்போது ஏறுவது இலாபம். மழையில் ரயர் நனைந்தால் டைனமோ வழுக்கும், அது ஒரு கரைச்சல்.

வெயில் காலத்தில் சின்னச் சோலார் தகடு இதைவிட எவ்வளவோ மேல். மாரியில் வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும்போதுதான் டைனமோவைத் தேடுகிறேன். லித்தியம் பற்றரியை மட்டும் இதில் நேரே கொழுவ வேண்டாம், அதற்குரிய சார்ஜிங் சர்க்கிட் இடையில் கட்டாயம் வேண்டும்.