ஆனைமலைப் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளி: எதை எடுப்பது, எதை விடுவது

என் அண்ணன் மகள் ஆனைமலைப் பக்கம் மூன்று ஏக்கரில் குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளி தொடங்கப் போகிறாள். நிலம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பெங்களூரில் ஐந்து வருடம் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்த அனுபவமும் இருக்கிறது. பணம்தான் அளவாக இருக்கிறது. போன மாதம் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். "அத்தை, இதுல எதை எடுக்கட்டும், எதை விடட்டும்?" ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று வழிகள். இரண்டு நாள் பேசினோம். நான் இருபது வருடமாகக் குதிரை ஏறுகிறவள், எனக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் குதிரை

அவள் நோட்டில் மூன்று வழிகள் இருந்தன: பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரை, சந்தையில் வாங்கும் மார்வாரி அல்லது கத்தியவாரி என்ற நாட்டு இனம், அப்புறம் மட்டக்குதிரை.

தரோபிரெட் குறைந்த விலைக்குக் கிடைக்கும், சில நேரம் இலவசமாகவே கிடைக்கும். உயரம், நடை, அழகு எல்லாம் உண்டு. ஆனால் அது கற்றுக்கொண்டு வந்திருக்கும் பாடம் வேறு. பந்தயத்தில் ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பார். குதிரை அந்தப் பிடியின் மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமெடுக்கும். புதிதாக ஏறும் பிள்ளை பயந்தால் முதலில் செய்வது கடிவாளத்தை இழுப்பதுதான். பிள்ளை "நில்" என்று நினைத்து இழுக்க, குதிரை "ஓடு" என்று புரிந்துகொள்ளும். இதை மறக்கடித்து, ஏறும்போது அசையாமல் நிற்கவும், தளர்ந்த கடிவாளத்தில் நடக்கவும் பழக்க நல்ல பயிற்சியாளருக்கே பல மாதம் ஆகும். அந்த மாதங்களில் வருமானம் வராது, தீனிச் செலவு மட்டும் வரும். இலவசக் குதிரைக்கு இதுதான் விலை.

மார்வாரியும் கத்தியவாரியும் நம் வெயிலைத் தாங்கும், குளம்பு உறுதி, உயரம் பெரும்பாலும் 14 முதல் 15 கை வரை (ஒரு கை என்பது 4 அங்குலம்). ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் சந்தையில் இவற்றை நேரில் பார்த்து வாங்கலாம். அங்கே எல்லோர் கண்ணும் போவது நாட்டியக் குதிரை மேல்தான். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். மேளச் சத்தத்துக்குக் கால் தூக்கி ஆடப் பழகிய குதிரை, சேணத்தில் தடுமாறும் பிள்ளையின் ஒவ்வொரு அசைவையும் ஆடச் சொல்லும் குறிப்பாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, இந்த இனங்களில் சிலவற்றுக்கு ரேவால் என்ற வழுக்கும் நடை இயல்பிலேயே வரும். உட்கார சுகமாக இருக்கும், நீண்ட பயணத்துக்கு அருமை. ஆனால் ட்ராட் என்ற துள்ளு நடையின் தாளத்துக்கு எழுந்து உட்காரப் பழகவேண்டிய மாணவருக்கு அந்தக் குதிரை மேல் தாளமே கிடைக்காது. விற்பவரிடம் நேராக ட்ராட் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

மட்டக்குதிரை குழந்தைகளுக்குச் சரியான உயரம், தீனியும் குறைவு. கணக்கு மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. 250 கிலோ மட்டக்குதிரைக்கு அது 50 கிலோ. சேணம் 7 கிலோ போனால் ஏறுகிறவர் 43 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 450 கிலோ குதிரை என்றால் 80 கிலோ ஆளும் ஏறலாம். வெறும் மட்டக்குதிரைகளோடு தொடங்கினால், பிள்ளையைக் கூட்டிவரும் அப்பா "நானும் கத்துக்கலாமா?" என்று கேட்கும்போது இல்லை என்று சொல்ல வேண்டி வரும். அந்த அப்பாதான் வருடக் கட்டணம் கட்டக்கூடியவர்.

கடைசியில் நாங்கள் முடிவு செய்தது: பத்து வயதைத் தாண்டிய நாட்டு இனக் குதிரைகள் இரண்டு, மட்டக்குதிரை ஒன்று. பெட்டையாகவோ காயடித்ததாகவோ இருக்க வேண்டும், பயிற்சிப் பள்ளியில் பொலிகுதிரை வேண்டவே வேண்டாம். தரோபிரெட் ஒன்று வரட்டும், ஆனால் அடுத்த வருடம், அவள் தானே உட்கார்ந்து பழக்குவதற்காக. எந்தக் குதிரையானாலும் பணம் கைமாறும் முன்னால் கிளாண்டர்ஸ் பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். ஒரு குதிரைக்கு உறுதியானால் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கொன்று புதைக்க வேண்டி வரும், மற்ற குதிரைகளையும் வெளியே அனுப்ப முடியாது. தொடங்கிய மாதமே பள்ளியை மூடும் நிலை வரும்.

சேணம்: கான்பூர் தோலா, செயற்கையா

நாங்கள் அதிக நேரம் வாதாடியது இதில்தான்.

கான்பூர், பிரிட்டிஷ் காலத்திலிருந்து ராணுவத்துக்குச் சேணம் தைத்த ஊர். இன்றும் வெளிநாட்டுக்குச் சேணம் போவது பெரும்பாலும் அங்கிருந்துதான். ஒரே ஊரில் மிக நல்ல சேணமும் செய்கிறார்கள், கண்காட்சிக்கு மட்டும் ஆகிற சேணமும் செய்கிறார்கள். வித்தியாசம் வெளித்தோலில் தெரியாது, உள்ளே இருக்கும் சட்டத்தில்தான் இருக்கிறது. சேணத்தின் முன்மேட்டையும் பின்மேட்டையும் இரண்டு கையால் நெருக்கிப் பாருங்கள். லேசாகத் துள்ளிக் கொடுக்கலாம். நறநறவென்று சத்தம் வந்தாலோ நடுவில் மடிந்தாலோ சட்டம் போயிற்று என்று பொருள். கவிழ்த்து வைத்து, இரண்டு பக்க மெத்தையும் ஒரே அளவா என்று பின்னாலிருந்து பாருங்கள். கோணல் சேணம் குதிரையின் முதுகை ஒரே மாதத்தில் புண்ணாக்கும்.

செயற்கைச் சேணம் எடை குறைவு, ஹோஸ் பைப்பில் கழுவலாம். ஆனைமலைப் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் தோலில் பூஞ்சை படியும். வாரம் இரண்டு முறை துடைத்து, சேண சோப்புப் போட்டு, எண்ணெய் பூச ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்ய இப்போதைக்கு ஆள் இல்லை. அதோடு, வின்டெக் போன்ற சில கம்பெனிச் சேணங்களில் முன்பக்க உலோக வளைவைக் கழற்றி, வேறு அகலத்தில் மாற்றிப் போடலாம். உருண்டை முதுகு மட்டக்குதிரைக்கும் மேடான தோள் குதிரைக்கும் ஒரே அளவு பொருந்தாது, அந்த இடத்தில் இது பெரிய உதவி. வளைவை மாற்றினாலும், ஆள் உட்கார்ந்த பிறகு சேணத்தின் அடிக்கும் தோள் மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும் என்ற சோதனையைத் தவிர்க்க முடியாது.

தோலுக்காக அவள் வாதாடினாள், அதிலும் நியாயம் இருந்தது. பராமரித்தால் பதினைந்து, இருபது வருடம் உழைக்கும். கிழிந்தால் உள்ளூர்ச் செருப்புத் தைப்பவரிடமே வாரை மாற்றித் தைக்கலாம். செயற்கையில் ஒட்டு விட்டால் தைக்க ஆள் கிடையாது. பெற்றோர் கண்ணுக்கும் தோல்தான் 'குதிரைப் பள்ளி' மாதிரி தெரியும். சரி, முதல் மூன்று சேணமும் செயற்கையாகவே இருக்கட்டும், பராமரிக்க ஆள் கிடைத்த பிறகு நல்ல கான்பூர்த் தோல் சேணம் ஒன்று என்று பேசி முடித்தோம். வாரும் தலைக்கயிறும் மட்டும் இப்போதே தோல். ஆபத்தில் சிக்கினால் தோல் அறுந்து விடும், நைலான் அறாமல் பிடித்துக்கொள்ளும்.

எந்த வகைச் சேணம் என்பதிலும் ஒரு சபலம் இருந்தது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமாக நடத்திக்காட்டும் போட்டி) குழு தங்கம் வாங்கியது. 41 வருடத்துக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அது. அதற்குப் பிறகு டிரெஸ்ஸாஜ் சேணம் வைத்திருந்தால் பள்ளிக்கு மதிப்பு என்று அவளுக்கு ஒரு எண்ணம். அந்தச் சேணத்தில் காலை நீட்டி ஆழமாக உட்கார வேண்டும், இடுப்பு பழகாத பிள்ளைக்கு அது கஷ்டம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஜெனரல் பர்ப்பஸ் சேணமே போதும். மேற்கத்தியப் பாணிச் சேணத்தில் பிடித்துக்கொள்ளக் கொம்பு இருக்கும், பயம் குறையும். ஆனால் எடை சாதாரணமாக இரட்டிப்பு. மட்டக்குதிரையின் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள், பிள்ளைக்கு மிஞ்சுவது 36 கிலோ.

கால் வைக்கும் அங்கவடியில் பேரமே வேண்டாம். ஒரு பக்கம் ரப்பர் வளையம் உள்ள பாதுகாப்பு அங்கவடிதான், விழுந்தால் ரப்பர் கழன்று கால் விடுபடும். சேணத்தில் அங்கவடி வாரை மாட்டும் கம்பியின் நுனியில் ஒரு சிறிய மூடி உண்டு. அது எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், அப்போதுதான் இழுபடும்போது வாரோடு கழன்று வரும். சில இடங்களில் 'வார் தொலைந்துபோகிறது' என்று அதை மூடி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தால் நானே போய்த் திறந்துவிடுவேன்.

சந்தைக் குதிரையோடு சேர்த்துச் சில நேரம் முள் கடிவாளமும் வரும். வாய்க்குள் போகும் இரும்பில் முள் வைத்தது. 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் விதிகளிலேயே முள் கடிவாளத்துக்குத் தடை உண்டு. விதி இல்லாவிட்டாலும் பயிற்சிப் பள்ளியில் அதற்கு இடமில்லை. நடுவில் மூட்டுள்ள, தடிமனான, வழவழப்பான ஸ்னாஃபிள் கடிவாளம் குதிரைக்கு ஒன்று. அவ்வளவுதான்.

தலைக்கவசம்

பைக் ஹெல்மெட் ஐஎஸ் 4151 முத்திரையோடு எல்லா ஊரிலும் கிடைக்கிறதே, அதையே வைக்கலாமே என்று அண்ணன் கேட்டார். அது சாலை விபத்துக்காகச் செய்தது. கனமானது, குழந்தையின் கழுத்து தாங்காது, பக்கப் பார்வையும் ஆசிரியர் சொல்வதும் மறையும். சைக்கிள் ஹெல்மெட்டில் பின்தலை பாதி வெளியே இருக்கும், குதிரையிலிருந்து பின்பக்கமாக விழுபவர்களும் உண்டு. வெல்வெட் ஒட்டிய பழைய பாணித் தொப்பி படத்துக்கு அழகு, உள்ளே தெர்மாகோல்கூட இருக்காது. குதிரையேற்றத்துக்கென்று ஏஎஸ்டிஎம் எஃப்1163, விஜி1, பிஏஎஸ் 015 என்று தர அளவுகள் உள்ளன. இவற்றில் ஒன்றாவது உள்ளே ஒட்டிய சீட்டில் இருக்க வேண்டும். விலை அதிகம்தான். நோட்டில் லோகோவுக்கு ஒதுக்கியிருந்த தொகையில் பாதியை நான் எடுத்து இங்கே போட்டேன்.

பள்ளியே வைத்திருப்பதா, மாணவர் வாங்கிவருவதா? முதல் மூன்று மாதம் பள்ளியுடையது, தொடர்கிறவர்கள் சொந்தமாக வாங்கட்டும். பின்னால் திருகி அளவு மாற்றும் வகை என்றால் ஆறு ஹெல்மெட்டில் ஒரு வகுப்பு நடக்கும். நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. எண்ணெய் வைத்து, உச்சியில் கொண்டை போட்டு, பூவும் வைத்து வரும் பிள்ளைக்கு எந்த ஹெல்மெட்டும் உட்காராது. தாழ்வாக ஒற்றைப் பின்னல், மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்று, அதற்கு மேல் ஹெல்மெட். சேரும்போதே அம்மாக்களிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், தூக்கிப் போட வேண்டும்.

காலுக்கு, சிறிய குதிகால் உள்ள, அடி வழவழப்பான ஷூ போதும். ஸ்போர்ட்ஸ் ஷூ அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிடும்.

பயிற்சித் தரைக்கு எம்-சாண்ட் போதும். கூர்முனை மணல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், உருண்டையான ஆற்று மணல் காலடியில் நழுவும். தூசியை மட்டும் நன்றாகச் சலித்துவிட்டு, 20-க்கு 40 மீட்டரில் இரண்டு மூன்று அங்குலம் போட்டால் சரி. ஆழம் கூடினால் குதிரையின் கால் தசைநாண் இழுத்துக்கொள்ளும். லாயத்துக்குள் விரிக்க வைக்கோலா, மரத்தூளா என்று நோட்டில் இருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் இருந்துகொண்டு இந்தக் கேள்வியே வேண்டாம், தென்னை நார்த்தூள் வண்டி வண்டியாகக் கிடைக்கிறது. ஈரத்தை நன்றாக உறிஞ்சும், பிறகு தோப்புக்கே எருவாகும்.

பெயரும் முத்திரையும்

அவள் வைத்திருந்த பெயர்களில் பாதி 'ராயல்', 'ஈக்வெஸ்ட்ரியன் அகாடமி' என்று போயின. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. 'ஈக்வெஸ்ட்ரியன்' என்று தமிழில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். எழுதிவிட்டு அவளே அடித்துவிட்டாள்.

தமிழ்ப் பெயர்களில் பரி, புரவி, இவுளி வந்தன. புரவி அழகான சொல், ஆனால் குதிரை என்ற பொருளையே பெயராக வைத்தால் வணிக முத்திரைப் பதிவில் விவரிக்கும் சொல் என்று தடை சொல்ல வாய்ப்பு உண்டு, அடுத்த ஊர்ப் பள்ளியும் அதையே வைக்கலாம். சங்ககாலத்து வள்ளல்கள் காரி, ஓரி இருவரின் குதிரைகளுக்கும் அவரவர் பெயரே. 'ஓரி' இரண்டே எழுத்து, குழந்தை வாயிலும் நிற்கும், ஆங்கிலத்தில் எழுதினாலும் சிதையாது. எனக்கு இதுதான் பிடித்தது. அவளுக்கு 'லாயம்' மேல் ஆசை. எது ஆனாலும் முதலில் தேடிப்பார்த்துவிட்டு, பயிற்சிச் சேவைகள் வரும் 41-ஆம் வகுப்பில் விண்ணப்பிக்க வேண்டும். தனிநபருக்கு இணையவழியில் 4,500 ரூபாய், பதிவானால் 10 வருடம் செல்லும். பதிவாகும் வரை 'டிஎம்' மட்டும் போடலாம், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது.

லோகோவுக்கு இரண்டு வரைவுகள் வந்திருந்தன. ஒன்று பின்னங்காலில் எழும்பி நிற்கும் குதிரை, இன்னொன்று தலை தாழ்த்திய குதிரையும் அதன் நெற்றியில் ஒரு குழந்தையின் கையும். முதலாவது கம்பீரம், சந்தேகமில்லை. ஆனால் பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மா அதில் பார்ப்பது தன் பிள்ளை விழப்போவதை. இரண்டாவதில் பிடரியின் மெல்லிய கோடுகளை எடுத்துவிட்டு ஒரே நிறத்தில் வரையச் சொன்னோம். வாட்ஸ்அப் வட்டத்திலும் தெரிய வேண்டும், சேணத் துணியின் மூலையில் எம்பிராய்டரி போட்டாலும் தெரிய வேண்டும். சேணத் துணி கரும்பச்சை. வெள்ளை படத்துக்கு நன்றாக இருக்கும், செம்மண்ணில் ஒரு வாரம் தாங்காது. ஹெல்மெட் மேல் ஸ்டிக்கரோ பெயின்ட்டோ வேண்டாம், அவற்றில் உள்ள கரைப்பான் ஹெல்மெட்டின் வெளி ஓட்டைப் பலவீனமாக்கலாம்.

ஆசிரியருக்கு ஒரு டி-ஷர்ட், குதிரைகளைப் பார்த்துக்கொள்பவருக்குச் சாதாரணச் சட்டை என்று நோட்டில் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே சட்டையாக மாற்றினாள், நான் சொல்வதற்கு முன்பே.

பெரிய பலகைக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. லாயக் கதவுகளுக்கு மூன்று சின்னப் பலகைகள் மட்டும் ஆர்டர் கொடுத்துவிட்டோம், குதிரைகளின் பெயர் எழுத. வீட்டுக்குப் போகும் பிள்ளை பள்ளியின் பெயரைச் சொல்லாது, "இன்னிக்கு நான் முத்து மேல ஏறினேன்" என்றுதான் சொல்லும்.