சினைப்பைப் புற்றுநோய்: துளை போடுவதா, வயிற்றைத் திறப்பதா?

பாலக்கோட்டில் எங்கள் பெரியம்மாவுக்கு ஸ்கேனில் சினைப்பைக் கட்டி என்று வந்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி, "துளை போட்டே எடுத்துட மாட்டாங்களாப்பா?" தக்காளிக் கூடை தூக்கி இறக்கியே பழகினவங்க, ஒன்றரை மாதம் கனம் தூக்கக் கூடாது என்றால் பதறத்தான் செய்வார்கள்.

உடம்பு தேறுவதை மட்டும் பார்த்தால், சின்னத் துளைகள் வழியே கேமராவும் கருவியும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கே ஓட்டு. அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் அளவில் நாலைந்து துளை, ரத்த இழப்பு குறைவு, தையல் சீழ் வைப்பது குறைவு, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு. திறந்து செய்வதில் தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை நேர்க்கோட்டில் வெட்டு, ஒரு வாரம் வரை ஆஸ்பத்திரி.

ஆனால் இந்தப் புற்றுநோயில் தழும்பை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நோய் ஒரு சினைப்பைக்குள்ளேயே இருந்து, மேலுறை கிழியாமல் கட்டி முழுசாக வெளியே வந்தால் அது 1ஏ நிலை, அதாவது நோயின் ஆரம்பப் படி. எடுக்கும்போது கட்டி உடைந்து உள்ளே சிந்திவிட்டால் அதே நோய் 1சி1 ஆகிவிடும், தேவைப்படாமல் போயிருக்கக்கூடிய கீமோ தேவைப்படலாம். சின்னக் கட்டியை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு இழுத்துவிடலாம். இளநீர்க் காய் அளவுக் கட்டியை உடைக்காமல் துளை வழியே எப்படி எடுப்பது?

முதலில் காட்டிய இடத்தில், வெறும் நீர்க்கட்டிதான், நாளைக்கே துளை போட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றார்கள். இந்தப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் பார்க்கும் சிஏ 125 ரத்தப் பரிசோதனை கூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு நாள் அவசரத்தை நினைத்தால் இப்பவும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்புறம், இந்த நோய் பெரும்பாலும் வயிறு முழுக்கப் பரவிய பிறகுதான் தெரியவருகிறது. அப்போது கண்ணுக்குத் தெரியும் நோய் எதையும் மிச்சம் வைக்காமல் எடுப்பதுதான் குறிக்கோள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையின் அடியில், குடல் மடிப்புகளில் அரிசிமணி அளவில் ஒட்டியிருப்பதைக் கையால் தடவித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால் பரவிய நோய்க்கு இன்றும் திறந்து செய்வதுதான் வழக்கமான முறை. கீமோவில் நன்றாகச் சுருங்கியவர்களுக்குத் துளை வழி போதுமா என்பதை லான்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் திறந்து செய்தாலும் துளை வழி செய்தாலும் பலன் ஒன்றுதான் என்று நம்பியிருந்தார்கள். 2018இல் வந்த ஆய்வில், நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்து செய்ததில் 96.5 சதவீதம், துளை வழியில் 86 சதவீதம். அது வேறு நோய்தான், ஆனாலும் அதைப் படித்த பிறகு எனக்கு அவசரம் போய்விட்டது.

ரோபோ அறுவையும் துளை வழிதான், செலவு கூட. அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

துளை வழி சந்தேகமில்லாமல் உதவுவது இன்னொரு இடத்தில்: முதலில் கேமராவை விட்டுப் பார்த்து, முழுசாக எடுக்க முடியுமா, கீமோவை முதலில் கொடுப்பதா என்று முடிவு செய்வது. வீணாக வயிற்றைத் திறந்து மூடுவது தவிரும்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டிவிட்டு அடையாறோ வேலூரோ போனாலும் சரி, ஓசூர்க்காரர்கள் பெங்களூர் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி போனாலும் சரி, பெண்களுக்கான புற்றுநோய் அறுவையில் பழகிய டாக்டரிடம், "கட்டி உடையாமல் எடுக்க முடியுமா, முடியாவிட்டால் நடுவில் திறந்து செய்வீங்களா?" என்று நேராகக் கேளுங்கள்.

பெரியம்மாவுக்குத் திறந்துதான் செய்தார்கள். கட்டி உடையாமல் வந்தது.