அரை லோடு சரக்கை எதில் அனுப்புவது? பார்சல் லாரி, பார்ட் லோடு, ரயில், பஸ்: ஓர் அலசல்

கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்கிறவர், கரூரில் பெட்ஷீட் தைத்து அனுப்புகிறவர், சிவகாசியில் நோட்டுப் புத்தகம் அச்சடிக்கிறவர், இவர்கள் எல்லோருக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு. சரக்கு ஒரு வாரம் 300 கிலோ இருக்கும், அடுத்த வாரம் 800 கிலோ இருக்கும், எப்போதாவது 2 டன் சேரும். முழு லாரி பிடிக்கிற அளவுக்கு மட்டும் வராது. ஆகவே அடுத்தவர் சரக்கோடு ஒரே வண்டியில் இடம் பங்கு போட்டுத்தான் போயாக வேண்டும். யாரோடு, எந்த வண்டியில் என்பதில்தான் லாபமும் நஷ்டமும்.

எல்லோரும் முதலில் கேட்பது "கிலோவுக்கு எவ்வளவு?" என்று. அதைக் கேட்க வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கச் சொல்வேன்: போய்ச் சேர்வதற்குள் என் பெட்டியை எத்தனை முறை ஏற்றி இறக்குவீர்கள்? உடைசல், தாமதம், பெட்டி மாறிப் போவது, கூலி, இந்த நாலுமே அந்த எண்ணிக்கையோடு சேர்ந்துதான் ஏறுகின்றன. அதை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பார்சல் லாரி சர்வீஸ்தான் நம்மூரில் அதிகம் பேர் பயன்படுத்துவது. ஊருக்கு ஊர் புக்கிங் ஆபீஸ் இருக்கும், சாயங்காலம் கொண்டுபோய்ப் போட்டால் எடை பார்த்து எல்ஆர் (லாரி ரசீது) போட்டுக் கொடுப்பார்கள், தமிழ்நாட்டுக்குள் என்றால் பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ அந்த ஊர் குடோனுக்கு வந்துவிடும். 20 கிலோ என்றாலும் வாங்குவார்கள், 2,000 கிலோ என்றாலும் வாங்குவார்கள். இதன் பெரிய பலம், முக்கியமான ஊர்களுக்கு வண்டி தினமும் கிளம்புவது. நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ராத்திரி லைன் லாரி, அதாவது ஊர் விட்டு ஊர் போகிற பெரிய லாரி, போயாக வேண்டும்.

பலவீனமும் அதே ஏற்பாட்டில்தான் இருக்கிறது. கோவையிலிருந்து தேனிக்குப் போகிற ஒரு பெட்டியின் வழியைப் பாருங்கள். உங்கள் பட்டறையில் குட்டி யானையில் (டாடா ஏஸ் வண்டியில்) ஏற்றுகிறார்கள், புக்கிங் ஆபீஸில் இறக்குகிறார்கள், அங்கே இன்னொரு வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே உள்ள பெரிய குடோனில் இறக்குகிறார்கள், லைன் லாரியில் ஏற்றி மதுரையில் இறக்குகிறார்கள், மதுரையில் ஏற்றித் தேனிக் கிளையில் இறக்குகிறார்கள், டோர் டெலிவரி கேட்டிருந்தால் மறுபடியும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். மொத்தம் பத்து. பெட்ஷீட் பேலைப் பத்து முறை தூக்கிப் போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, வெளிச்சாக்கு கிழியாமல் இருந்தால் போதும். கிரைண்டர் அப்படியில்லை. கல்லை டிரம்முக்குள் வைத்தபடியே பேக் செய்து அனுப்பினால் எங்காவது ஓர் இறக்கத்தில் அது டிரம்மை நெளித்துவிடும். அட்டைப்பெட்டி மேல் அம்புக்குறி போட்டு "இந்தப் பக்கம் மேலே" என்று அச்சடிப்பதை நம்பவே நம்பாதீர்கள். நள்ளிரவில் ஒரு லாரியை இறக்கி இன்னொன்றை ஏற்றுகிற லோடுமேனுக்கு அதைப் படிக்க நேரம் கிடையாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. தலைகீழாகக் கிடந்தாலும் தாங்குகிற மாதிரி பேக் செய்ய முடிந்தால் பார்சல் லாரி, முடியாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும்.

அப்புறம் பில். கிலோ 5 ரூபாய் என்று சொல்லியிருப்பார்கள், 40 கிலோ பெட்டிக்கு 200 ரூபாய் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதன் மேல் எல்ஆர் சார்ஜ், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பட்டறைக்கு வந்து எடுத்ததற்கு ஒன்று, வீட்டு வாசலில் இறக்கியதற்கு ஒன்று என்று ஏறிக்கொண்டே போகும். சில இடங்களில் 'டூ பே' (வாடகையை வாங்குகிறவர் கட்டுவது) போட்டால் அதற்கும் ஒரு சின்னக் கட்டணம் உண்டு. குடோனிலிருந்து நேரத்துக்கு எடுக்காவிட்டால் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம். டூ பே என்றால் இதெல்லாம் வாங்குகிறவர் தலையில் விழும், அவர் லாரி ஆபீஸில் ஒன்றும் பேசமாட்டார், உங்களுக்குப் போன் போட்டுத்தான் சத்தம் போடுவார். ஆகவே ரேட் கேட்கும்போது "எல்லாம் சேர்த்து, அவர் கையில் கிடைக்கிற வரை எவ்வளவு" என்று கேட்டு வாங்குங்கள்.

சேஃப்எக்ஸ்பிரஸ், டிசிஐ எக்ஸ்பிரஸ், டெல்லிவரி மாதிரி எக்ஸ்பிரஸ் கம்பெனிகளும் அடிப்படையில் இதே குடோன் விட்டுக் குடோன் முறைதான். ஆனால் பெட்டிக்குப் பெட்டி பார்கோடு இருக்கும், எங்கே கிடக்கிறது என்று போனில் பார்க்கலாம், மூடிய பாடி வண்டி என்பதால் மழைக்குத் தார்ப்பாயை நம்ப வேண்டியதில்லை. வட மாநிலங்களில் சின்ன ஊர்களுக்கு அனுப்ப வேண்டும் என்றால், உள்ளூர் பார்சல் சர்வீஸ்காரர் பாதி வழியில் இன்னொரு கம்பெனியிடம் மாற்றிவிடுவதை விட இது எவ்வளவோ மேல். விலைதான் இடிக்கும். குறைந்தபட்ச எடை, டீசல் சர்சார்ஜ், தொலைவான பின்கோடுக்குத் தனிக் காசு என்று ஒவ்வொன்றாக வரும்.

லேசான சரக்கு அனுப்புகிறவர்கள் இதில் ஒரு கணக்கைக் கண்டிப்பாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 27,000-ஆல் வகுப்பார்கள், கிட்டத்தட்ட கன அடி வரும். ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று அதைப் பெருக்குவார்கள். அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி 6, 8, 10 என்று மாறும். பிளாஸ்டிக் சாமான் உள்ள ஒரு பெட்டி 60-க்கு 45-க்கு 45 என்று வைத்துக்கொள்வோம். தராசில் 12 கிலோதான். ஆனால் கணக்கில் 4.5 கன அடி வரும், 6-ஆல் பெருக்கினால் 27 கிலோ, 10-ஆல் பெருக்கினால் 45 கிலோ. ஒருவர் கிலோ 8 ரூபாய் என்கிறார், அவருடைய எண் 10. இன்னொருவர் 11 ரூபாய் என்கிறார், அவருடைய எண் 6. முதலாமவரிடம் 360 ரூபாய், இரண்டாமவரிடம் 297 ரூபாய். ரேட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள் என்று சொல்வது இதனால்தான். சாதாரண பார்சல் ஆபீஸில் இந்தக் கணக்கு அவ்வளவு கறாராக இருக்காது, பெட்டியைக் கண்ணால் பார்த்து "இது 25 கிலோ போட்டுக்கலாம்" என்பார்கள், அங்கே பேசிக் குறைக்க இடம் உண்டு.

இனி பார்ட் லோடு, அதாவது பெரிய லாரியில் மிச்சமிருக்கிற இடத்தில் நம் சரக்கை ஏற்றுவது. எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் எல்லோருக்கும் சரிப்படாது. கொங்குப் பகுதி நூல் மில்களுக்குக் குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் பஞ்சு பேல் வருகிறது. இறக்கிவிட்டு நிற்கிற லாரி காலியாகத் திரும்ப விரும்பாது. 16 டன் ஏற்றும் வண்டிக்கு ஒருவர் 10 டன் கொடுத்திருப்பார், மிச்சம் 6 டன்னுக்குப் புரோக்கர் ஆள் தேடுவார். உங்கள் 2 டன் அங்கே போய் உட்காரும். உங்கள் குடோனில் ஏற்றினால் நேராக அகமதாபாத்தில் உங்கள் வாடிக்கையாளர் கடையில்தான் இறக்கம். பத்து முறை என்பது இரண்டாகிவிடுகிறது. டன் கணக்கில் பேசுவதால் கிலோவுக்குப் பார்சல் ரேட்டை விட நன்றாகவே குறையும்.

ஆனால் நேரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. "நாளைக்குக் கிளம்பிரும் சார்" என்பார்கள், மிச்ச இடம் நிரம்பும் வரை வண்டி டிரான்ஸ்போர்ட் நகரிலேயே நிற்கும். இன்னொன்று, உங்கள் சரக்குப் பக்கத்தில் என்ன வருகிறது என்று கேட்காமல் ஏற்றக் கூடாது. வெள்ளைத் துணி பேலுக்குப் பக்கத்தில் மஞ்சள் மூட்டையோ, கசிகிற கெமிக்கல் டிரம்மோ வந்தால் வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. இறக்குகிற வரிசையையும் கேளுங்கள். முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். இல்லையென்றால் அடுத்தவர் சரக்கை எடுப்பதற்காக உங்களுடையதை நடுரோட்டில் இறக்கி மறுபடி ஏற்றுவார்கள், பார்ட் லோடின் ஒரே பெரிய நன்மை அங்கேயே காலி. புரோக்கர் கமிஷன் வாங்கியதும் போனை எடுக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டே வேலை பாருங்கள். ஆர்சி, டிரைவர் லைசென்ஸ், டிரைவர் நம்பர், வண்டி உரிமையாளர் நம்பர் எல்லாம் ஏற்றுவதற்கு முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும், வாடகையில் ஒரு பகுதியை டெலிவரி ரசீது வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

சரக்கோடு கூடவே போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான இ-வே பில்லிலும் பார்ட் லோடுக்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் போகிற சரக்குக்கு இ-வே பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள். வண்டி நம்பரைப் போடுகிற இரண்டாம் பகுதியை நிரப்பிய நேரத்திலிருந்துதான் அந்த ஆயுள் ஓட ஆரம்பிக்கும். ஏற்றிய அன்றே ஆர்வமாக நம்பரைப் போட்டுவிட்டு வண்டி மூன்று நாள் நின்றால், அந்த மூன்று நாளும் கணக்கில் போய்விடும். கிளம்புகிற நேரத்தில் போட்டால் போதும். முடியப் போகிறது என்றால், முடிகிற நேரத்துக்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கலாம். பார்சல் சர்வீஸில் இந்தத் தொல்லை குறைவு, அவர்களுடைய டிரான்ஸ்போர்ட்டர் ஐடியை நீங்கள் போட்டுவிட்டால் வண்டி நம்பரை அவர்களே போட்டுக்கொள்வார்கள். ஆனால் இடத்தைப் பங்கு போட்டால் ஆபத்தையும் பங்கு போட்டுத்தான் ஆக வேண்டும். எண்பது பேர் சரக்கு உள்ள லாரியில் ஒருவருடைய பில்லில் கோளாறு என்றால், சோதனையில் நிற்பது முழு லாரியும்தான்.

ரயில் பார்சலைப் பலர் மறந்தே போனார்கள். டெல்லி, ஹவுரா, கவுகாத்தி மாதிரி தூரத்துக்கு, துணி பேல் மாதிரி அடி தாங்குகிற சரக்குக்கு, விலையும் வேகமும் நன்றாக இருக்கும். பயணிகள் ரயிலின் முன்னும் பின்னும் உள்ள பெட்டிகளில் 4 டன் கொள்ளும் சரக்கு அறைகள் இருக்கின்றன, அதில்தான் போகும். ஆனால் ஸ்டேஷனுக்கு நீங்களே கொண்டுபோக வேண்டும், அந்தப் பக்கமும் ஆள் போய் எடுக்க வேண்டும், நேரத்துக்கு எடுக்காவிட்டால் ரயில்வேக்கும் இருப்புக் கட்டணம் உண்டு. இடம் இல்லாவிட்டால் பிளாட்பாரத்தில் அடுத்த ரயிலுக்காகக் கிடக்கும். இரண்டு நிமிஷம் நிற்கிற ஸ்டேஷனில் பெரிய மூட்டைகளை ஏற்றி இறக்குவது கஷ்டம். பட்டாசுக்கு இந்த வழி கிடையாது.

பஸ் பார்சலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10, 20 கிலோ, இன்று ராத்திரி போட்டு நாளைக் காலை வேண்டும் என்கிற மோட்டார் காயில், மெஷின் பாகம், இதற்கு அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. அரசு விரைவுப் பேருந்துகளிலும் 2022-ல் பார்சல் சேவை தொடங்கினார்கள். ஆம்னி பஸ்ஸில் கூரை வரை சரக்கு அடுக்கினால் சோதனையில் அபராதம் விழும், பஸ் நின்றால் உங்கள் பெட்டியும் நிற்கும். 100 கிலோவைத் தாண்டினால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

யாரும் விளம்பரம் செய்யாத வழி ஒன்று இருக்கிறது: அதே தெருவில் உள்ள இரண்டு மூன்று பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி பிடிப்பது. டாடா ஏஸ் சுமார் 750 கிலோ இழுக்கும், அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன். கோவையிலிருந்து திருச்சி, சேலம், பாலக்காடு வரைக்கும் இது பார்சல் லாரியைப் பல சமயம் தோற்கடிக்கும், ஏனென்றால் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம்தான், அதைச் செய்வதும் உங்கள் ஆட்களே. திரும்பும் வாடகையையும் சேர்த்துத்தான் கேட்பார்கள் என்பதால் தூரம் கூடக்கூடக் கட்டுப்படியாகாது. யார் சரக்கு முதலில் இறங்கும் என்பதில் சண்டை வராமல் இருக்க வேண்டும், அது உங்கள் தெரு சமாசாரம்.

எதில் போட்டாலும் எல்ஆருக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிடுங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும் என்ன சொல்கின்றன என்றால், சரக்கின் மதிப்பை உயர்த்தி அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாத பட்சத்தில், தொலைந்தாலோ உடைந்தாலோ லாரிக்காரர் பொறுப்பு வாடகையைப் போல் 10 மடங்கு வரைதான். 60,000 ரூபாய் சரக்கை 800 ரூபாய் வாடகையில் அனுப்பினால் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 8,000. வழக்குப் போட வேண்டுமானால் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அடிக்கடி அனுப்புகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்வது நல்லது. வாங்குகிறவரிடமும் சொல்லி வையுங்கள், பெட்டி நசுங்கியிருந்தால் அதை டெலிவரி ரசீதிலேயே எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று.

என்னைக் கேட்டால், 50 கிலோவுக்குள் அவசரம் என்றால் பஸ், ஒரு டன் வரை பார்சல் லாரி, அதில் வெளி மாநிலச் சின்ன ஊர் என்றால் எக்ஸ்பிரஸ். 2 டன்னுக்கு மேல், நாள் கணக்கில் பொறுக்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பார்ட் லோடு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சரக்குதான் ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கும். அப்போது இரண்டு பக்கமும் ரேட் வாங்குங்கள், பார்ட் லோடு புரோக்கரிடம் மட்டும், வண்டியில் இப்போது எத்தனை டன் ஏறியிருக்கிறது என்று ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். பாதி கூட ஏறாத வண்டி என்றால் பார்சல் ஆபீஸுக்கே போன் போட்டுவிடலாம்.