பாயிண்ட் 22-ஆ, நாலரை மில்லியா?

துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்த முதல் மாதமே, வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் பாயிண்ட் 22 ரைஃபிள் மேல் எனக்கு ஒரு கண். அந்த எடையும், படுத்துக்கொண்டு ஐம்பது மீட்டருக்கு அப்பால் குறி வைக்கும் சுகமும் அப்படி. கடைசியில் வீட்டுக்கு வந்ததோ காற்றழுத்தத்தில் சுடும் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள். ஒன்றரை வருஷம் ஆகிறது, வருத்தமில்லை.

லைசென்ஸ் சமாச்சாரம் பலருக்கும் தெரிந்ததுதான். 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் குண்டின் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பாயிண்ட் 22-க்கு கட்டாயம் வேண்டும். அலைச்சலுக்குத் தயாராக இருங்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது லைசென்ஸ் அல்ல, குண்டு. பத்து மீட்டர் போட்டியின் தகுதிச் சுற்றுக்கு 60 குண்டு. தினமும் ஒரு சுற்று சுட்டால் 500 பெல்லட் (ஏர் ரைஃபிளுக்கான சின்ன ஈயக் குண்டு) உள்ள டப்பா எட்டு நாள் வரும். நான் வாங்கும் சாதா பெல்லட் ஒன்று சுமார் ஒரு ரூபாய்தான். கிளப்பில் பாயிண்ட் 22 தோட்டா ஒன்றுக்குக் கொடுத்தது அதைப்போலப் பல மடங்கு. காலித் தோட்டாவில் மறுபடி மருந்து நிரப்பிக்கொள்ளலாமே என்றால், ஊசி அடித்து விளிம்பு நசுங்கிப்போயிருக்கும், அதுவும் நடக்காது.

காசைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று உண்டு. விசையில் விரல் வைத்திருக்கும்போது தோட்டா விலை ஞாபகம் வந்துவிடும். மூச்சு கலைந்தால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும், எனக்கு மனசு வராது. எப்படியாவது இதையும் முடித்துவிடலாம் என்று அழுத்திவிடுவேன். குண்டு நடுவை விட்டு எட்டுப் புள்ளி வளையத்தில் போய் உட்காரும். ஏர் ரைஃபிளில் அந்தக் கணக்கே இல்லை. கால் வைக்கும் இடத்தை இரண்டு அங்குலம் மாற்றிப் பார்க்க மட்டும் ஒரு சாயங்காலம் நாற்பது குண்டு செலவழித்தேன். பத்து மீட்டர் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். தப்பு எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது.

ஏர் ரைஃபிளிலும் ஸ்பிரிங்கா, பிசிபியா (முன்கூட்டியே அழுத்தக் காற்று அடைத்து வைப்பது) என்ற கேள்வி வரும். என்னுடையது ஸ்பிரிங். குழலை மடக்கினால் போதும், சிலிண்டர், பம்ப் எதுவும் வேண்டாம். ஆனால் உள்ளே பிஸ்டன் ஓடும் அதிர்வில் துப்பாக்கி முன்னும் பின்னும் குதிக்கும். இறுக்கிப் பிடித்தால் குண்டு சிதறும், தளர்வாகப் பிடிக்கப் பழக வேண்டும். ஆர்வக்கோளாறில் காற்றறைக்குள் எண்ணெய் விட்டு, சுட்டதும் புகை வந்து பயந்த கதையும் உண்டு. பிசிபி நண்பருடையதில் இரண்டு ஞாயிறு சுட்டதோடு சரி. குதிப்பே இல்லை, ஆசையாகத்தான் இருந்தது. நாலைந்து வருஷத்தில் அதன் சீல் எப்படி உழைக்கும் என்று கேட்டால், அவ்வளவு பழக்கம் எனக்கில்லை.

பாயிண்ட் 22-இல் மட்டுமே கிடைப்பது காற்றைப் படிக்கும் பழக்கம். ஐம்பது மீட்டரில் ஓரத்துக் கொடி அசைந்தால் குண்டு நகரும். நான் ஏர் ரைஃபிள் சுடும் வீட்டு நடைக்கூடத்தில் மின்விசிறியைத்தான் நிறுத்த வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டிதான் (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடுவது) உங்கள் கனவென்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று: டப்பாவைத் திறந்ததும் பின்பக்க ஓரம் நசுங்கிய பெல்லட்டுகளைப் பொறுக்கித் தனியே வையுங்கள். ஈயம், கை கழுவாமல் காபி டம்ளரைத் தொடாதீர்கள்.